மூன்று நிமிடம்

விடியும்போதே அவனுக்கு வலது தோள் வலித்தது. சட்டைக்குள் கை நுழையவில்லை. பல்வலி மாதிரி உள்ளே குடைந்தது. அமுக்கினால் கூடவில்லை, விட்டால் குறையவில்லை.

படகில் ஏற்ற எட்டு காற்றுச் சிலிண்டர் இருந்தது. இடது கையாலேயே ஏற்றினான்.

"ஏலேய், ஒத்தக் கையால தூக்குறே. இன்னொண்ண எங்கயாவது அடகு வச்சிட்டியால?" என்றான் படகோட்டி கில்பர்ட்.

"சுளுக்குல."

கில்பர்ட் சிரிக்கவில்லை. தோளைப் பார்த்தான். எஞ்சினைக் கிளப்பினான்.

இருவரும் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள். இப்போது அந்தமானில், சுற்றுலா வருபவர்களைக் கடலுக்குள் இறக்கிக் காட்டுகிறார்கள்.

ஒரு மணி நேர ஓட்டம். நடுக்கடலில் ஒரு மிதவை. அதன் அடியில் ஒற்றைப் பாறை. நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து எழும்பி, தலை மட்டும் பதினைந்தில் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்.

நேற்றும் இங்கேதான்.

முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் சுற்றுலா வந்த ஒரு பெண் மிரண்டு மேலே பாய்ந்தாள். காலைப் பிடித்தான். உதைத்தாள். விடவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டே மேலே போய்விட்டாள்.

மேலே வருகிறவர்கள் ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடம்பில் கரைந்த காற்று நுரைக்கும், கோலி சோடாவை உடைத்த மாதிரி.

நேற்று இருவரும் நிற்கவில்லை.

அவளுக்கு அது முதல் தடவை. அவனுக்கு அன்றைக்கு நான்காவது.

படகேறியதும் அவள் வாந்தி எடுத்தாள். பிறகு படம் எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் கோயம்புத்தூர் அண்ணன் தம்பி.

"ஏனுங்ணா, சுறா வருங்களா?"

"வந்தா ஒங்களுக்கு அதிர்ஷ்டம்," என்றான் கில்பர்ட். "வராட்டி எங்களுக்கு."

சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இவன் பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தான். தோளில் கத்தி ஏறியது.

சங்கு குளிக்கும் படகில் ஒரு சோதனை உண்டு. கை பிடித்துக்கொண்டது என்று ஒருவன் சொன்னால் மறுபடி கீழே இறக்குவார்கள். கீழேயும் வலித்தால் சுளுக்கு. கீழே வலி நின்றால் உடம்பில் நுரைத்த காற்று.

கூடச் சங்கு குளித்த ரெக்ஸனை அப்படி இறக்கியது இவனும் கில்பர்ட்டும்தான். அவனுக்கு வலி நின்றது. சரியாகிவிட்டது என்று மூவரும் சிரித்தார்கள். ரெக்ஸன் இன்று ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான்.

ஐந்து மீட்டர். வலித்தது.

பத்து. வலித்தது. இன்னும் வலிக்கட்டும் என்று நினைத்தான்.

பாறையின் தலை தெரிந்தது. சீலா மீன்கள் கூட்டமாகச் சுற்றின. தம்பிக்காரன் கண்ணாடிக்குள் கண்ணை விரித்தான்.

பதினெட்டு.

வலி நின்றது.

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். லேசாகப் போனது. வேறு யாருடைய கையோ மாதிரி.

இவன் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அண்ணன்காரன் நினைத்து, விரலை வளைத்து, நன்றாக இருக்கிறேன் என்று காட்டினான். இவனும் அதையே காட்டினான்.

திரும்பும்போது ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். மூன்று நிமிடம். இருவரையும் மேலே அனுப்பினான். இவன் நின்றான். காற்றின் அளவு காட்டும் முள் சிவப்புக்குள் இறங்கியது. இன்னும் நின்றான். இழுத்த மூச்சு கனமாக வந்தது. அதற்குமேல் சிலிண்டரில் ஒன்றும் இல்லை.

ஏணியின் மூன்றாவது படியில் வலி திரும்பி வந்தது.

கில்பர்ட் குனிந்து இடது கையைப் பிடித்து ஏற்றினான். காதோடு கேட்டான்.

"கீழ எப்படில இருந்துச்சு?"

சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போனவனை இந்தத் தொழிலில் மறுபடி யாரும் தண்ணீரில் விட மாட்டார்கள். அவனுக்குக் கீழே போகத் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

"கீழயும் வலிச்சுது."

கில்பர்ட் மூச்சு விட்டான்.

"அப்பச் சுளுக்குதாம்ல. நான்கூட பயந்துட்டேன்," என்று தைல பாட்டிலை மடியில் எறிந்தான். "நல்லாத் தேயி. மத்தியானம் நாலு பேரு வாராங்க."

இவன் காலி சிலிண்டரைக் கழற்றி, நிறைந்த ஒன்றை இடது கையால் மாட்டினான். தோளில் தைலம் எரிந்தது. அதற்கும் அடியில், எலும்புக்குள், அது குடைந்துகொண்டே இருந்தது.

இன்றைய மூன்று நிமிடத்தை நின்று தீர்த்தாயிற்று.

நேற்றைய மூன்று நிமிடம் பாக்கி.