மூன்றாம் சங்குக்கு முன்

“நில்லுடா! சங்கு ஊதியாச்சே, காதுல விழலையா?”

லேமானா நடுரோட்டில் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார். எதிரே, தோளில் துடுப்போடு மூச்சிரைக்க நின்றான் ஃபெதூலி.

சவாயி தீவில் அந்த ஊரின் கட்டுப்பாடு பெயர்போனது. அந்தியில் இரண்டாம் சங்கு ஊதிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குள் ஜெபத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாம் சங்கு வரை ஒருவரும் வெளியே நடமாடக் கூடாது. மீறினால் ஒரு பன்றி தண்டம். காவலுக்கு நிற்பது ஊர்த் தலைவர்களில் ஒருவரான லேமானா.

இன்றைக்குக் காவல் இன்னும் கடுமை. தலைநகரிலிருந்து பெரிய போதகர் பெனியாமினா முதல் தடவையாக வருகிறார். நாளைக் காலை ஆராதனையில் லேமானாவுக்கு அவர் கையால் மூப்பர் பட்டம். பதினோரு வருடமாகக் காத்திருந்தது. போதகரின் வேன் எந்த நிமிஷமும் வரலாம். அவர் வந்து இறங்கும்போது ஊரே ஜெபத்தில் அடங்கியிருக்க வேண்டும். லேமானாவின் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை.

“வழி விடுங்க தலைவரே. கடல்ல யாரோ கத்துறாங்க.”

“எனக்கும்தான் கேட்டுச்சு. பக்கத்து ஊர்ப் பசங்களா இருக்கும். பீரைக் குடிச்சிட்டு மீன் பிடிக்க வந்திருப்பானுங்க.”

“பாறைப் பக்கமா கேக்குது. அலை பேயா அடிக்குது. படகு கவுந்திருந்தா?”

“அஞ்சே நிமிஷம். மூணாம் சங்கு ஊதட்டும். நானே வந்து ஓடத்தைத் தள்ளி விடறேன்.”

“அதுவரைக்கும் தண்ணி பொறுத்துக்குமா?”

லேமானாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “கோயில் படி மிதிச்சு ஒரு வருஷம் ஆகுது, நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ஆண்டவர் எப்ப வருவார்னு யாருக்குடா தெரியும்? நாம முழிச்சு இருக்க வேணாமா?”

“முழிச்சுத்தான் இருக்கேன் தலைவரே. அதனாலதான் கேக்குது.”

மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை கிழிந்த குரல். “ஓ...ய்! யாராவது... ஓ...ய்!”

லேமானா கடல் பக்கம் திரும்பி, கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். “ஏய்! இங்க ஜெபம் நடக்குது! முடியற வரைக்கும் வாயை மூடு!”

அந்த ஒரு நொடி போதும். ஃபெதூலி அவர் பக்கவாட்டில் புகுந்து கரைக்கு ஓடினான்.

“டேய்! ஒரு பன்னி தண்டம்டா! ஞாபகம் வச்சுக்கோ!”

“ரெண்டா எழுதிக்கங்க! எனக்கு ஒண்ணு, கூட்டிட்டு வர்ற ஆளுக்கு ஒண்ணு!”

துரத்திப் போகலாம்தான். ஆனால் காவல்காரனே கடலோரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேன் வந்துவிட்டால்? லேமானா நின்ற இடத்திலேயே நின்றார்.

அவர் வீட்டிலிருந்து மனைவி லூபேயின் குரல் கேட்டது. “ஆண்டவரே, எங்க போதகருக்கு வழியில ஒரு ஆபத்தும் வராமக் காப்பாத்தும்.” அடுத்த வீட்டிலும் அதே வேண்டுதல். அதற்கடுத்த வீட்டில் அழுதே விட்டார்கள்.

“ஆமென்,” என்றார் லேமானா.

கடலிலிருந்து வந்த குரல் சட்டென்று நின்றுபோனது. கத்தியபோது தொந்தரவாக இருந்தது. நின்ற பிறகு அதைவிட அதிகமாக உறுத்தியது. ஒருவேளை... அவர் அந்த நினைப்பை உதறிவிட்டு ரோட்டைப் பார்த்தார். வேனைக் காணோம்.

மூன்றாம் சங்கு ஊதியது.

அவ்வளவுதான், ஊரே கரைக்குப் பாய்ந்தது.

“அதோ ஓடம்! ஒரு தலை தெரியுது!”

“ஒண்ணு இல்ல, ரெண்டு!”

“மூணு! மூணு பேர்!”

ஓர் அலை எழும்பி ஓடத்தை மறைத்தது. பெண்கள் வீறிட்டார்கள். அலை இறங்கியதும் ஓடம் அப்படியே இருந்தது. கரையில் ஒரே ஆரவாரம். ஆண்கள் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, கைக்குக் கை பிடித்து இழுத்தார்கள்.

“ஃபெதூலி எப்பங்க போனான்?” என்றாள் லூபே.

“ஜெபத்துக்கு நடுவுல!” லேமானா குரலை உயர்த்தினார். “எல்லாரும் கேட்டுக்குங்க. பெரிய போதகர் வர்ற நாள்ல, நம்ம ஊர் மானத்தை வாங்கிட்டான் இவன்!”

ஃபெதூலி, முழங்கால் ரெண்டும் பாறையில் கிழிந்து ரத்தம் வடிய, மணலில் மல்லாந்து கிடந்தான். அவன் பக்கத்தில் படகுக்காரர் ஒருவர் குப்புற விழுந்து கிடந்தார். வெள்ளை உடையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ள, ஒரு முதியவர் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார்.

“யாரு பெரியவரே நீங்க? எந்த ஊரு? இந்த ஊர்க் கட்டுப்பாடு தெரியாதா?” என்றார் லேமானா.

முதியவர் இருமி முடித்து நிமிர்ந்தார். “பெனியாமினா. ஆத்துல வெள்ளம், ரோடு அடிச்சிட்டுப் போயிருச்சு. சாயங்கால ஜெபத்துல உங்ககூட உக்காந்துடணும்னு படகு பிடிச்சு வந்தேன்.”

லூபே ஓடிப்போய்த் தன் மேல்துணியை அவர் தோளில் போர்த்தினாள்.

லேமானா கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தார். “ஐயா... உங்களுக்காகத்தான்... வீட்டுக்கு வீடு உருகி உருகி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தோம்.”

“தெரியுது தம்பி. ஆண்டவரும் உடனே கேட்டுட்டார்.” போதகர் ஃபெதூலியின் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தார். குரலில் கோபமே இல்லை.

“நீங்க ஆமென் சொல்றதுக்கு முன்னாலயே இவரை அனுப்பிட்டார். ஆனா, அவர் அனுப்பின ஆளை நடுரோட்டுல யாரோ கையை விரிச்சு மறிச்சாங்களாமே... யாருப்பா அது?”