வச்சிருக்கிறவங்களைக் கேளு

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா? ஏம்மா, உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

அச்சகத்தின் மிஷின் அண்ணன் கேட்டார். டிசைன் போடும் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி அடுத்த பக்கம் தொடங்கினாள்.

ஃபேன் ஓடவில்லை, குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் திறக்கவில்லை என்று மாதம் ஒரு குறையோடு முதலாளி முன்னால் போய் நிற்பதால், அச்சகத்தில் அவளுக்குப் 'புகார்ப் பெட்டி' என்றே பெயர்.

விஷயம் இதுதான். ஆர்டர் விவரமெல்லாம் இனிமேல் போனில்தான் வரும் என்று, போன மாதம் முதலாளி ஏழு பேருக்கும் ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார். மலிவு விலை. ஏழும் ஒரே மாடல். இப்போது அவர் மனைவிக்கும் ஒரு போன் வாங்க வேண்டியிருந்தது.

"நெட்ல பார்த்தேன். ஒருத்தன் ஆஹாங்கிறான், ஒருத்தன் ஐயோங்கிறான். பாதிப் பேர் காசு வாங்கிட்டுப் புகழ்றவன். நீங்க அப்படியா? ஒரு மாசமா கையில வச்சிருக்கீங்க. உள்ளதை உள்ளபடி ஆளுக்கொரு தாள்ல எழுதிக் கொடுங்க. வச்சிருக்கிறவங்க வார்த்தைதான் எனக்கு வேதம்."

காசு வாங்காமல் உண்மை சொல்வார்கள் என்று அவர் நம்பிய ஏழு பேருக்கும் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். அதுவும் சம்பள உயர்வு பேசுகிற மாதம்.

உள்ளபடி எழுதினால் என்ன எழுதுவது? மிஷின் அண்ணன் போனில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். மனைவிக்கு அவர் அனுப்பிய முத்தம் பேப்பர் சப்ளை செய்பவருக்குப் போய், அந்த மனிதர் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பியிருந்தார். டெலிவரிக்காரர் போன் கொதிக்கும். ஈரக் கைக்குட்டையில் சுற்றித்தான் சட்டைப்பையில் வைப்பார். பைண்டிங் அக்கா போனில் மணியே அடிக்காது.

மற்றவர்களுக்கு எரிச்சல், அவ்வளவுதான். அக்காவுக்கு வயிற்றில் நெருப்பு. வெளியூரில் இருக்கும் மகளுக்கு நிறைமாதம். முந்தாநாள் வலி என்று பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அக்கா பார்த்தது சாயங்காலம். நல்லவேளை, பொய்வலி. அன்றிலிருந்து அக்கா ஒரு புத்தகத்துக்குப் பசை தடவுவார், போனைப் பார்ப்பார். அடுத்த புத்தகத்துக்குத் தடவுவார், மறுபடியும் பார்ப்பார்.

"அக்கா, நீங்களாவது உண்மையை எழுதுங்களேன்" என்றாள் புகார்ப் பெட்டி, மெதுவாக.

"எழுதினா? பிரியமா கொடுத்த மனுஷன் மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா? உனக்கு வாய் இருக்கு, நீ எழுதுவேடியம்மா. எனக்குப் பிரசவச் செலவு இருக்கு."

அக்கா எழுதினார்: 'மணி அடித்தால் தெருமுனை வரை கேட்கும்.'

மத்தியானம் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கப் படித்தார்.

மிஷின் அண்ணன்: 'தொடும்போதே நம் மனதைப் படித்துவிடும் போன்.' டெலிவரிக்காரர்: 'உச்சிவெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும்.' தாளுக்குத் தாள் முதலாளி முகம் மலர்ந்துகொண்டே போனது. ஏழாவது தாளில் சுருங்கியது.

"'தயவுசெய்து இந்தப் போனை வாங்காதீர்கள். மணி அடிப்பதே இல்லை. அவசரத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குரல் வந்து சேராவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்?'"

இப்படியே இரண்டு பக்கம்.

இவளோடதுக்கும் அதே வியாதியா என்று அக்கா நினைத்துக்கொண்டார். "நன்றி கெட்ட ஜென்மம்" என்று டெலிவரிக்காரர் முணுமுணுத்தார், முதலாளி காதில் விழுகிற அளவுக்கு.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைக்காரர் நமக்கு வேண்டியவர். குறை இருந்தா எழுதி வாங்கிட்டு வாங்க, வேற நல்ல மாடலாவே மாத்தித் தர்றேன், இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சொன்னார். முன்னாடியே சொன்னா நல்ல போனுக்கும் நொட்டை சொல்வீங்கன்னுதான் வாயைத் திறக்கலை."



"சார், என்னோடதுலகூட லேசா..." என்று மிஷின் அண்ணன் இழுத்தார்.

"மனசைப் படிக்கிற போனை யாராவது மாத்துவாங்களா?" முதலாளி சிரித்தார். "ஆறு பேர் இவ்வளவு சொல்றீங்க. என் வீட்டம்மாவுக்கும் இதையே வாங்கிடறேன். ஏதாவது கோளாறுன்னா அவளே வந்து உங்களைக் கேட்டுப்பா."

முதலாளியம்மா குரலை அந்த அச்சகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. மிஷின் ஓடும்போதும் அது கேட்கும்.

"நீ போனைக் கொண்டாம்மா. உன்னோடதை மட்டும் மாத்திட்டு வந்துடறேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று, இனி யாரை நோவது? மகள் முகம் கண்முன் வந்தது. அழுகையாக வந்தது.

புகார்ப் பெட்டி எழுந்தாள். தன் மேஜைப் பக்கம் போகவில்லை. அக்காவிடம் வந்து, அக்காவின் போனை எடுத்து, சிம்மைக் கழற்றிக்கொண்டு, போனை முதலாளியிடம் நீட்டினாள்.

"உன்னோடதைக் கேட்டேன்மா."

"நான் எழுதினது இதைப் பத்தித்தான் சார்."

முதலாளி கையிலிருந்த தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போனை வாங்கிக்கொண்டார்.

அவள் அந்தச் சிம்மைத் தன் போனில் போட்டு அக்கா கையில் வைத்தாள்.

"அது மாத்தி வர்ற வரைக்கும் இதை வச்சுக்குங்கக்கா. வாங்கின நாள்லேர்ந்து இதுல ஒரு குறையும் இல்ல. மணி நல்லாவே அடிக்கும்."