மூத்தவர் பங்கு

"இதை எங்கே எடுத்தே?"

சைகால் டீச்சரின் குரல் உயர்ந்ததும் இரண்டாம் வகுப்பு கப்சிப் ஆனது.

எதிரே நின்றவள் பெகாயிம். ஏழு வயதுப் பெண். கையில், நன்றாகக் கழுவிக் காயவைத்த ஆட்டு இடுப்பெலும்பு.

எலும்புப் பாடம் நடத்த அந்த மலைக்கிராமப் பள்ளியில் ஒரு கிழிந்த படம்கூட இல்லை. இல்லாவிட்டால் என்ன? ஆடுகளோடு வளர்கிற கிர்கிஸ் பிள்ளைகளுக்கா எலும்பு தெரியாது! "ஆளுக்கொரு ஆட்டெலும்பு கொண்டு வாங்க. நம்ம உடம்புல அது எங்கே இருக்குன்னு தொட்டுக் காட்டணும்" என்று முதல்நாளே சொல்லியிருந்தாள் சைகால்.

பாடம் நன்றாகத்தான் போனது. எல்தியார் முதுகெலும்புத் துண்டைத் தூக்கிக் காட்டி, தன் முதுகைத் தடவினான்.

"இது மட்டும் இல்லேன்னா நீ மாவு மூட்டையாட்டம் சரிஞ்சு கிடப்பே" என்றாள் டீச்சர்.

அதினாய் விலா எலும்போடு வந்தாள்.

"நமக்கு விலா எத்தனை ஜோடி?"

"பதிமூணு!" வகுப்பே கத்தியது.

"அட, அது ஆட்டுக்கு! நமக்குப் பன்னிரண்டு. தொட்டுப் பாருங்க. இதயமும் நுரையீரலும் அடிபடாம இருக்கிறது இதுக்குள்ளதான்."

ஒரே சிரிப்பு. அடுத்து பெகாயிம் வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், இடுப்பெலும்பு! இதைப் பந்தியில மூத்தவருக்குத்தானே வைப்பாங்க?" என்றான் எல்தியார்.

"இவங்க வீட்ல ஆடே கிடையாது, டீச்சர். திருடிட்டா!"

ஆடு இல்லாதது உண்மைதான். அப்பா ரஷ்யாவில் கட்டட வேலை. அம்மா ஊரார் மாடுகளுக்குப் பால் கறப்பவள். தாத்தா மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. அந்த வீட்டை யார் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள்?

சைகாலுக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் வேறு.

அவள் மாமனார் மாம்பெத்தாலி எந்த விருந்துக்குப் போனாலும் முதல் ஆளாக மூத்தவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். இடுப்பெலும்பு வந்ததும் ஒரு வாய்கூட ருசி பார்க்காமல் துணியில் சுற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் கை காலி. பேரப் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு கிடையாது.

"உங்க மாமனார் வழியிலேயே ஒளிஞ்சு நின்னு தின்னுடுறாராமே?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் நையாண்டி செய்வார்கள். சைகால் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவாள். இந்த வயதில் இப்படி ஒரு அற்பத்தனமா என்று மனசுக்குள் திட்டிக்கொள்வாள்.

முந்தாநாள் நினைவு விருந்திலும் ஒன்றைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கிழவர் அசந்த நேரத்தில் இந்தப் பெண் உருவியிருக்கிறாள். வேறென்ன?

"முந்தாநாள் விருந்துல எடுத்ததுதானே? உண்மையைச் சொல்லு, பெகாயிம்."

"நான் திருடலை, டீச்சர். எங்க வீட்ல இதேமாதிரி ஒரு பை நிறைய இருக்கு."

"பொய்க்காரி! திருடி!" வகுப்பு கூச்சல் போட்டது.

சைகால் மேசையைத் தட்டினாள். "சும்மா இருங்க எல்லாரும்! நீ சொல்லும்மா. பை நிறைய எப்படி வந்துச்சு?"

பெகாயிமின் கண்ணில் நீர் முட்டியது. "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"யாரு?"

"உங்க வீட்டுத் தாத்தா."

சைகால் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

பெகாயிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு விருந்து முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வருவாரு, டீச்சர். கறியைப் பிச்சுப் பிச்சு எங்க தாத்தாவுக்கு ஊட்டிவிடுவாரு. 'ஊருக்கு மூத்தவர் நீங்கதான் அண்ணே. ஊரு மறந்துட்டா என்ன? உங்க இடத்தை வேற யாரும் பிடிச்சுடாம நான் போய் உட்கார்ந்து, உங்க பங்கை வாங்கிட்டு வந்துட்டேன்'னு சொல்லுவாரு."