பையைப் பிடுங்கியவன்

"திருடன்! என் பை! ஐயோ, என் பையைப் புடுங்கிட்டான்!"

நபுக்கேரா போட்ட கூச்சலில் வேன் குலுங்கி நின்றது.

கம்பாலாவிலிருந்து மசாக்கா போகிற பதினான்கு பேர் வேன். ஏறியிருந்தது பதினெட்டுப் பேர். புசேகா சந்திப்பில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்த நீலச் சட்டைக்காரன் இப்போதுதான் இறங்கிப் போனான். வேன் பத்தடி நகர்ந்திருக்காது. போனவன் திரும்பி ஓடி வந்தான். கதவை மூடவிடாமல் காலை உள்ளே வைத்து, அவள் மடியிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினான்.

"பிடிங்கடா அவனை!"

கண்டக்டர் வஸ்வா ஒரே தாவலில் அவன் காலரைப் பிடித்துவிட்டான். சோளம் சுட்டுக்கொண்டிருந்தவன் இடுக்கியோடு ஓடி வந்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் நாலு பேர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள்.

"பட்டப்பகல்ல, அதுவும் பொம்பளை மடியிலேர்ந்தா?"

முதல் அறை விழுந்தது. ஆனால் அவன் கையில் பை இல்லை. அதை அதற்குள் ரோட்டோரப் பள்ளத்தில் வீசியிருந்தான். அடி வாங்கிக்கொண்டே கத்தினான்:

"அடிங்க, அப்புறம் அடிங்க! முதல்ல தள்ளிப் போங்க! அந்தப் பைகிட்ட யாரும்..."

படார்!

பள்ளத்திலிருந்து ஆளுயரத்துக்குத் தீ எழுந்தது. வெள்ளைப் புகை புஸ்ஸென்று சீறியது. அன்னாசி விற்கிற அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். வஸ்வா தன்னையறியாமல் காலரை விட்டான்.

"முடிஞ்சிடுச்சா?" என்று ஒருவன் எட்டிப் பார்க்கப் போனான்.

"போகாதே! உள்ளே இன்னொண்ணு இருக்கும்!" என்று நீலச் சட்டைக்காரன் அவனை இழுத்தான்.

படார்! இரண்டாவது வெடி. சாவிக்கொத்து ஒன்று பறந்து வந்து வேன் டயரில் மோதி விழுந்தது.

நபுக்கேரா வேனிலிருந்து இறங்கி, பை எரிவதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முன்னால் அது அவள் மடியில் இருந்தது.

"பைக்குள்ள என்னம்மா வெச்சிருந்தீங்க? குண்டா?" வஸ்வாவுக்கு மூச்சு வாங்கியது.

"குண்டெல்லாம் இல்லைப்பா! நான் பிரசவம் பாக்குற நர்ஸ். எங்க ஆஸ்பத்திரியில பாதி நேரம் கரண்ட் இருக்காது. அதுக்காக ஒரு டார்ச், அதுக்கு ஒரு உபரி பேட்டரி. சந்தையில வாங்கினேன். அவ்வளவுதான்."

"லித்தியம் பேட்டரியா? தடியா, குட்டையா இருக்குமே?"

"ஆமா. மேலே சுத்தியிருந்த உறை கொஞ்சம் கிழிஞ்சிருந்தது."

"அதை எங்க போட்டீங்க?"

"பைக்குள்ளதான். சாவி, சில்லறையெல்லாம் கிடக்குமே, அதோட..."

வஸ்வா தலையில் அடித்துக்கொண்டான். "நர்ஸம்மா! அந்தப் பேட்டரி மேல சாவி குறுக்க விழுந்தா போதுமே! கொதிச்சு வெடிச்சுடும். தனி டப்பாவுல இல்ல போடணும்! அது வெடிச்ச சூட்டுல டார்ச்சுக்குள்ள இருந்ததும் போயிடுச்சு."

கூட்டம் மெதுவாக நீலச் சட்டைக்காரன் பக்கம் திரும்பியது. அறைந்தவனே அவன் சட்டைக் கசங்கலை நீவிவிட்டான்.

"மன்னிச்சுக்க அண்ணே. பதினெட்டு உசிரு!"

"வண்டி முழுக்க எரிஞ்சிருக்கும்யா!"

"கடவுள்தான் இவரை அனுப்பிச்சிருக்காரு!" என்று அன்னாசிக்காரி ஒரு முழுப் பழத்தை அவன் கையில் திணித்தாள். அவனால் அதைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"நான் வரேன், வேலை இருக்கு" என்று அவன் நழுவப் பார்த்தான். விடுவார்களா? சோளக்காரன் சுட்ட சோளத்தை ஊட்டியே விட்டான். இன்னொருத்தன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

நபுக்கேராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயோ, என் போன்! அதுவும் பையிலதானே இருந்தது! ஆஸ்பத்திரியில ரெண்டு பேர் வலியோட காத்திருக்காங்களே!"

"வெடிச்சப்போ வெளியே தெறிச்சிருந்தாலும் தெறிச்சிருக்கும். நம்பரைச் சொல்லுங்க, அடிச்சுப் பாக்கலாம்" என்றான் வஸ்வா.

அவள் சொன்னாள். அவன் அழுத்தினான். எல்லோரும் பள்ளத்தின் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தார்கள்.

மணி அடித்தது. பள்ளத்தில் அல்ல. நீலச் சட்டைக்காரனின் கால்சட்டைப் பையில்.

வஸ்வாவின் முகம் மாறியது. சோளக்காரன் இடுக்கியை மறுபடி கையில் எடுத்தான். நீலச் சட்டைக்காரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

நபுக்கேராவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. பைக்குள் கைவிட்டவனுக்குத்தானே பேட்டரி கொதிப்பது தெரியும். போன் கிடைத்துவிட்டது, இறங்கியும் போய்விட்டான். அப்படியே போயிருக்கலாம்.

"அட, என் மறதியைப் பாருங்களேன்!" அவள் சத்தமாகச் சிரித்தாள். "போனை ரிப்பேர் பண்ணித் தரேன்னாரு. இறங்கறப்போ நான்தானே குடுத்தனுப்பிச்சேன்!"

"மணி நல்லாத்தானே அடிக்குது? என்ன ரிப்பேர்?" வஸ்வா விடவில்லை.

"கண்ணாடி உடைஞ்சு போச்சுப்பா. நீ முதல்ல வேன்ல இருக்கிற மஞ்சள் கேன்லேர்ந்து தண்ணி கொண்டா. கை வெந்து கிடக்குது, கேள்வி கேட்டுட்டு நிக்கறே!"

வஸ்வா ஓடினான். கூட்டம் கலகலவென்று பேச ஆரம்பித்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் நீலச் சட்டைக்காரன் சொன்னான்:

"கண்ணாடி உடையலை, அக்கா."

"தெரியும். கையை நீட்டு."