எட்டு டிகிரி

"ஆஸ்பத்திரி போர்டுக்கு ஒண்ணு, மினிஸ்ட்ரிக்கு ஒண்ணு. உங்களுக்கும் ஒரு காப்பி கொடுக்கறதுதான் மரியாதை" என்று சொல்லி, டைப் அடித்த மூன்று பக்கக் கடிதத்தை டாக்டர் ஹபீப் முகம்மதுவின் மேசையில் வைத்தார் கந்தப்பு.

கந்தப்பு துறைமுக ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய் ஒழுகினாலும் பஸ் தாமதமானாலும் டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து கடிதம் பறக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம், ஒரு கமா பிசகாது. அவர் கடிதத்தால் இரண்டு கண்டக்டர்களுக்கு வேலை போனதாக ஊரில் பேச்சு.

இந்த முறை விஷயம் பெரிது. அவர் மனைவி நல்லம்மாவின் வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தி ஏழு மாதம் ஆகிறது. வலி குறைந்தபாடில்லை. காலை மடக்கினால் முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக நழுவுகிறது. போன வாரம் பாசாரில் காய் வாங்கப் போய் இரண்டே இரண்டு படி இறங்கும்போது கால் மடிந்து விழுந்து, கையில் கட்டோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார். மூட்டைச் சரியாகப் பொருத்தவில்லை என்பது உட்பட அதில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை.

நேற்றுத்தான் ஸ்கேன் வந்திருந்தது. எக்ஸ்ரேயில் ஒழுங்காகத் தெரிந்த மூட்டு, ஸ்கேனில் எட்டு டிகிரி உட்பக்கம் திரும்பியிருந்தது. கடிகாரத்தின் பெரிய முள் ஒன்றரை நிமிடத்தில் நகரும் தூரம்கூட இல்லை. ஆனால் மூட்டு அந்த அளவு உள்ளே திரும்பினாலே சில்லு வெளியே ஓடப் பார்க்கும். பொருத்தியது டாக்டரின் கைதான்.

சீமையில் படித்துத் திரும்பி இரண்டு வருஷம். இப்போதுதான் பினாங்கில் நாலு பேர் இவர் பேரைச் சொல்கிறார்கள். இந்தக் கடிதம் போனால் அதோடு சரி.

ஸ்கேன் என்ன சொல்கிறது என்று கேட்டார் கந்தப்பு.

"ரிப்போர்ட் இன்னும் வரலை, அங்கிள்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் ஒன்றோடு நிறுத்த மாட்டார். தொடைத் தசை பலவீனமாக இருந்தாலும் சில்லு இப்படி நழுவும், பயிற்சியெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டும் வைத்தார்.

கந்தப்புவுக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் மூன்று வேளை செய்வதாகத் தன் மனைவி சொல்லியிருக்கிறாள், அவள் பொய் சொல்லும் ஆளில்லை என்று குரலை உயர்த்தினார்.

"செய்யலைங்க" என்றார் நல்லம்மா.

கந்தப்பு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நீங்க லைப்ரரிக்குப் போனதும் டிவியைப் போட்டுட்டு உட்கார்ந்திடுவேன். சோம்பல்தான். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

பிறகு ஐந்து நிமிடம் கந்தப்பு பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் தன் தலையை இப்படி யாரும் குனிய வைத்ததில்லை என்றார். உன் பேச்சை நம்பி ஒரு நல்ல மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேனே என்றார். நல்லம்மா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அலாமா, என்ன ஆன்ட்டி, எக்சர்சைஸ் செய்யணும்லா" என்று ஓரமாக நின்ற நர்ஸ் ஷரீஃபாவும் தன் பங்குக்குச் சொன்னாள்.

கந்தப்பு கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிக்கணும் டாக்டர் என்று கையைப் பிடித்துக்கொண்டபோது அந்தப் பெரியவரின் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நல்லம்மாவின் கார்டில் 'பயிற்சி செய்யவில்லை' என்று எழுதினார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

மருந்து வாங்கக் கந்தப்பு கவுன்டருக்குப் போனார். அவருக்கு வழி காட்ட நர்ஸும் கூடப் போனாள். நல்லம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை நேராக நீட்டித் தூக்கினார். தூக்கியதை அப்படியே நிறுத்தினார். டாக்டர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். பத்து, இருபது, முப்பது. கால் ஒரு நூல்கூட நடுங்கவில்லை.

பயிற்சி செய்யாத காலால் அது முடியாது. அது டாக்டருக்குத் தெரியும்.

"ஏழு மாசத்துல ஒரு வேளை விட்டதில்லை, தம்பி" என்றார் நல்லம்மா, காலை மெல்ல இறக்கிக்கொண்டே. "அப்படியும் சில்லு நழுவுதுன்னா கோளாறு என்கிட்ட இல்லை."

டாக்டரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறகு ஏன் அவரிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று மேசையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவர் லெட்டர் போட்டா உங்க வேலை போகும். என் கால் நேராகாது." கட்டில்லாத கையை ஊன்றி எழுந்து நின்றார். "உங்க பேரை நான் காப்பாத்திட்டேன். என் காலை நீங்க காப்பாத்துங்க."