காலுறைக்குள் ஒரு தூண்டில் முள்

போர்ட்டோ ஆஸ்பத்திரியில் மதிய வெயில் நரம்பில் ஏறும் மருந்துப் பைக்குள் புகுந்து, சுவரில் மஞ்சளாக நடுங்குகிறது. போவுவா கரை மீனவர் பெல்மிருவின் காலுறையை நர்ஸ் ரொசால்வா உருவுகிறாள். ரத்தம் காய்ந்த துணியோடு ஒரு தூண்டில் முள்ளும் வருகிறது. "காலுக்கே தூண்டில் போட்டிருக்கீங்களே அண்ணே, என்ன மீன் மாட்டுச்சு?" கேட்கிறவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பெல்மிரு முள்ளை யாருடையதோ போலப் பார்க்கிறார். கடைசியாகத் தூண்டில் கட்டியது வெள்ளிக்கிழமை, இன்று திங்கள். அன்றிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் நடந்திருக்கிறார். அவர் அப்பாவுக்கும் இந்த நோய் பாதம் மரத்துத்தான் தொடங்கியது. நெஞ்சில் போய் முடிந்தது. நோய்ப் புரதத்தைச் செய்யச் சொல்லி அந்தக் குடும்பத்து மரபணு அனுப்புகிற ஆர்.என்.ஏ. ஓலையை, ஈரலிலேயே ஒரு நொதியை ஏவி நறுக்கிப் போடுகிறது பையிலிருந்து இறங்கும் இந்த மருந்து. நோய் இனி மேலே ஏறாது என்கிறார்கள். மரத்தது மரத்ததுதான். பக்கத்து நாற்காலியில் மகள் தெல்ஃபினா. அதே மரபணு, அதே மருந்து, ஆனால் அவளுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ரொசால்வா உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் இரும்புக் கம்பியை அவள் உள்ளங்காலில் வைக்கிறாள். "ஐயோ, சில்லுன்னு இருக்கு, எடுங்கக்கா!" விரல்கள் ஐந்தும் வெடுக்கென்று சுருள்கின்றன. பெல்மிரு அந்த விரல்களையே பார்க்கிறார்.

"இன்னொரு தடவ வையும்மா," என்கிறார்.