சிவப்பு நூலின் படபடப்பு

பாய்மரப் படகுப் போட்டி பாதி முடிந்திருந்தது. ஒட்டுப் போட்ட பழைய பாயைச் சுமந்த படகு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. இன்று தோற்றால் அந்தப் பாயை வெட்டிப் பைகளாகத் தைத்துவிடுவார்கள் என்பது படகைத் திருப்பும் சுக்கானுக்குத் தெரியும். ஆகவே அது முன்னே செல்லும் படகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படகு திரும்பிய பக்கமெல்லாம் தானும் திரும்பியது.

காற்றின் திசையறியப் பாயில் தைத்திருந்த சிவப்பு நூல் படபடத்தது.

“அண்ணே, காற்று மாறுகிறது. இப்போதே வலப்பக்கம் திரும்புங்கள்!”

“நடுங்குவதே உன் பிழைப்பு, பேசாமல் இரு,” என்றது சுக்கான். “முன்னால் போகிறவனைப் பிரிந்து போய், நீ சொன்னதும் தப்பானால் பாய் அக்காவின் கதி என்ன?”

பாய் மெல்லச் சொன்னது: “கிழிபடப் போகிறவள் நான்தானே, தம்பி? முன்னால் போகிறவன் எனக்காகவா ஓடுகிறான்? இவள் என்னோடு தைக்கப்பட்டவள். நான் போனால் இவளும் போவாள். திரும்பு.”

சுக்கான் திரும்பியது. ஒரு கணம் பாய் காற்றிழந்து துவண்டது. சுக்கானுக்கு உயிர் போய் வந்தது. பிறகு புதுக்காற்று பாயை நிறைத்தது. முன்னே சென்ற படகு பழைய வழியிலேயே தடுமாறிக்கொண்டிருக்க, இவர்கள் முதலில் எல்லையைக் கடந்தார்கள்.

படபடத்ததில் நூல் பாதி பிரிந்திருந்தது.

“வலிக்கிறதா, தங்கச்சி?” என்றது சுக்கான்.

“அடுத்த முறை சொன்னவுடன் கேளுங்கள், அண்ணே. குறைவாக வலிக்கும்.”

மாலையில் பாயைச் சுருட்டினார்கள். நூலிருந்த மடிப்பைப் பாய் தன் உள்ளே, மிக உள்ளே, வைத்துக்கொண்டது.